இயந்திரம் எங்கே உட்கார வேண்டும்?

2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். நான் அப்போது முதலாம் படிவ மாணவி. ஜெராய் மலையடிவாரத்தில், பீடோங்கிற்கும் குரூணுக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருந்தோம். மூன்று நாளாக விடாத மழை. இரவு பத்து மணிக்குப் பாட்டிக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. உடனே சுங்கைப்பட்டாணி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பா ஓட்டும் தொழிற்சாலை வேன் அன்று பட்டறையில் கிடந்தது. வீட்டில் இருந்ததோ ஒரு சிறிய, பழைய மகிழுந்து. முன்னால் அப்பாவும் அம்மாவும், பின்னால் பாட்டியும் நானும் தம்பியும் ஏறிக்கொண்டோம்.

லயத்திலிருந்து தார்ச்சாலைக்குப் போக ஒரு செம்மண் ஏற்றத்தைக் கடக்க வேண்டும். பாதி ஏற்றத்தில் முன்சக்கரங்கள் சுற்றின, வண்டி நகரவில்லை. அப்பா கீழே இறக்கி, மறுபடி வேகமெடுத்து ஏற்றிப் பார்த்தார். அதே இடத்தில் சேறு தெறித்தது. பாட்டியின் மூச்சுச் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. அம்மா சாமியைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். அப்பா ஒன்றும் பேசாமல் வண்டியைக் கோயில் திடல்வரை இறக்கினார்; திருப்பி நிறுத்தினார்.

"எல்லாரும் கெட்டியாப் புடிச்சிக்குங்க. கோஸ்தான்ல ஏத்தப்போறேன்" என்றார்.

ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டி, மழையில் நனைந்துகொண்டே பின்பக்கமாக ஓட்டினார். இருமுறை தோற்ற அதே வண்டி, அதே ஏற்றத்தில் மெதுவாக ஏறிவிட்டது! பாட்டி பிழைத்துக்கொண்டார். மறுநாள் நான் அப்பாவிடம், "எப்படிப்பா ஏறுச்சு?" என்று கேட்டேன். "பின்னாடி போனா ஏறும்மா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை, இயந்திரப் பொறியியல் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதுதான் எனக்குக் கிடைத்தது. விடுமுறையில் ஆசையோடு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்தில் திக்கி நின்றுவிட்டேன். ஆறாம் ஆண்டுவரை அறிவியலைத் தமிழில் படித்தேன். இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்தேன். இப்போது ஆங்கிலத்தில் படிக்கிறேன். என்னுடைய அறிவியல் தமிழ் பன்னிரண்டு வயதோடு நின்றுபோயிருந்தது. அப்பாவுக்குச் சொல்ல முடியாமல் போனதை முறையாகச் சொல்லிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

கேள்வி இதுதான்: ஒரு மகிழுந்தில் இயந்திரத்தை எங்கே வைப்பது, எந்தத் திசையில் வைப்பது, அதற்கு எத்தனை சிலிண்டர் கொடுப்பது? இவற்றை நிறுவனங்கள் எப்படி முடிவு செய்கின்றன? பள்ளிப் பாடத்தில் 'உருளை' என்று படித்ததைத்தான் பட்டறையில் சிலிண்டர் என்கிறார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

1. முன்னே இயந்திரம், பின்னே உந்துதல்

நம் தாத்தாக்கள் காலத்து வண்டிகளிலிருந்து தொடங்குவோம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மோரிஸ் மைனரும், 1970களில் நம் நாட்டுச் சாலைகளில் நிறைய ஓடிய டத்சன் 120ஒய் வண்டியும் ஒரே அமைப்பைக் கொண்டவை. இயந்திரம் முன்னால் நெடுக்குவாட்டில், அதாவது வண்டி போகும் திசையிலேயே நீண்டு கிடக்கும். அதன் பின்னால் கியர்பாக்ஸ். அங்கிருந்து ஒரு நீண்ட சுழல்தண்டு வண்டியின் அடிப்பகுதி வழியே ஓடிப் பின்சக்கரங்களைச் சுழற்றும்.

இதில் நன்மைகள் உண்டு. முன்சக்கரங்கள் திரும்புவதை மட்டும் பார்த்துக்கொள்ளும். உந்தும் வேலை பின்சக்கரங்களுடையது. பின்னால் பாரம் ஏற ஏற, உந்தும் சக்கரங்கள் தரையை இன்னும் நன்றாகப் பற்றும். தோட்டத்து லோரிகள் இன்றும் பின்சக்கரங்களால் உந்தப்படுவது இதனால்தான். செம்பனைக் குலைகளின் பாரம் முழுதும் பின்னால்தானே இருக்கிறது!

குறையும் உண்டு. சுழல்தண்டு போவதற்காக வண்டித் தளத்தின் நடுவில் ஒரு மேடு எழும்பி நிற்கும். பழைய வண்டியில் பின்னிருக்கை நடுவில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். முழங்கால் முகவாயைத் தொடும். அதோடு, நெடுக்காகக் கிடக்கும் இயந்திரத்திற்கும் கியர்பாக்ஸிற்கும் வண்டியின் நீளத்தில் பெரிய பங்கு போய்விடும். சுழல்தண்டின் எடை வேறு. பின்னச்சில் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும்போது கொஞ்சம் சக்தி வீணாவது வேறு.

2. குறுக்கே திரும்பிய இயந்திரம்

1956இல் சூயெஸ் கால்வாய் நெருக்கடி வந்தது. இங்கிலாந்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பெட்ரோலை மிச்சப்படுத்தும் மிகச் சிறிய வண்டி ஒன்று வேண்டும். ஆனால் அதில் நான்கு பெரியவர்கள் உட்கார வேண்டும். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனில் இந்தப் பணி அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரிடம் போனது. மோரிஸ் மைனரை வடிவமைத்தவரும் இவரே.

தாம் முன்பு எழுதிய விடையையே இவர் அழித்துவிட்டு எழுதினார். இயந்திரத்தைக் குறுக்குவாட்டில் திருப்பினார். கியர்பாக்ஸை அதன் அடியிலேயே, எண்ணெய்த் தொட்டிக்குள் வைத்தார். முன்சக்கரங்களையே உந்தச் செய்தார். சுழல்தண்டு போயிற்று, நடுமேடும் போயிற்று. 1959இல் பத்தடி நீளத்தில் மினி பிறந்தது.

இந்த அமைப்பில் இன்னொரு சிக்கனமும் ஒளிந்திருக்கிறது. குறுக்காகக் கிடக்கும் இயந்திரத்தின் தண்டும் சக்கரங்களின் அச்சும் ஒரே திசையில் சுழல்கின்றன. ஆகவே சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்ப வேண்டியதில்லை. சாதாரணப் பற்சக்கரங்களே போதும். பிறகு இத்தாலியில் டாண்டே ஜியாகோசா, 1964இல் வந்த ஆட்டோபியாங்கி பிரிமுலா வண்டியில் கியர்பாக்ஸை இயந்திரத்தின் அடியிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் வைத்தார். 1969இல் ஃபியட் 128 அதே முறையைப் பெரிய அளவில் பரப்பியது. இன்று உலகின் பெரும்பாலான சிறிய மகிழுந்துகள் இந்த ஏற்பாட்டில்தான் வருகின்றன.

நம் நாட்டுக்கும் அது வந்து சேர்ந்தது. 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டான் சாகா, மிட்சுபிஷி லான்சர் பியோரே வண்டியை அடிப்படையாகக் கொண்டது. குறுக்கு இயந்திரம், முன்சக்கர உந்துதல். 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் அவ்வாறே. அதன் மூலம் டைஹாட்சு மிரா.

3. இருக்கைக்கு அடியில்

அப்பா ஓட்டிய வேனைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டம் தோட்டமாகப் போய் ஆட்களை ஏற்றிச் சுங்கைப்பட்டாணி தொழிற்பேட்டையில் இறக்குவார். அத்தகைய வேன்களில் இயந்திரம் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கும், உந்துவது பின்சக்கரங்கள். நம் ஊரில் பள்ளி வேனாக ஓடிய நிசான் வேனட் சி22, 1996இல் வந்த பெரோடுவா ரூசா எல்லாம் இந்த வகைதான். பட்டறையில் போர்மன் இயந்திரத்தைப் பார்க்க வேண்டுமானால் இருக்கையைத் தூக்குவார்.

ஏன் இப்படி? வேனை வாங்குபவர் தலைக்கணக்கு பார்ப்பவர். முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நீளத்திற்கு ஆள் ஏற்ற முடியாது. ஓட்டுநரை இயந்திரத்தின்மேல் உட்கார வைத்துவிட்டால் பின்னாலிருக்கும் இடமெல்லாம் பயணிகளுக்கு. ஆனால் சூடு ஓட்டுநருக்கு! அப்பா இருக்கையில் சாக்கை நான்காக மடித்துப் போட்டுத்தான் உட்காருவார். வீட்டுக்கு வந்தால் இடது தொடை கன்றிச் சிவந்திருக்கும். சிறுவயதில் முன்னிருக்கை நடுவில் உட்கார்ந்து போகும்போது அந்தச் சூடு எனக்குச் சுகமாக இருந்தது. எட்டு மணி நேரம் அதன்மேல் உட்காருபவருக்கு எப்படி இருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. இயந்திர அமைப்பில் இனாமாக எதுவும் கிடைப்பதில்லை. ஒருவருக்கு இடம் கிடைத்தால் இன்னொருவர் அதற்கு விலை கொடுக்கிறார்.

இயந்திரத்தைப் பின்னால் வைத்தவர்களும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அதற்குப் பெயர்போனது. உந்தும் சக்கரங்களின்மேலேயே இயந்திரத்தின் எடை உட்காருவதால் சேற்றிலும் ஏற்றத்திலும் நன்றாக இழுக்கும். ஆனால் முன்பக்கம் இலேசாகிவிடும்; வேகமாக வளையும்போது பின்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். சாமான் வைக்கும் இடமும் சுருங்கும். குடும்ப வண்டிகள் மெல்ல மெல்ல இந்த அமைப்பைக் கைவிட்டன.

4. எத்தனை சிலிண்டர்?

இயந்திரம் குறுக்கே திரும்பியதும் புதிய கட்டுப்பாடு ஒன்று வந்தது. இரண்டு முன்சக்கரங்களுக்கும் இடையில் இயந்திரமும் கியர்பாக்ஸும் அடங்கியாக வேண்டும். மூன்று அல்லது நான்கு சிலிண்டர்கள் வரிசையாக நின்றால் அடங்கும். ஆறு வரிசையாக நின்றால் அடங்குவது கடினம். அதனால்தான் 1990களின் இறுதியில் ஆறு சிலிண்டருடன் வந்த புரோட்டான் பெர்டானாவில் அவை மூன்று மூன்றாகப் பிரிந்து 'வி' வடிவில் நின்றன.

வரிசை ஆறு சிலிண்டர் மிகவும் அமைதியானது. ஒரு சிலிண்டரின் அதிர்வை இன்னொன்று சமன் செய்துவிடும். ஆனால் அதற்கு நீண்ட மூக்கு வேண்டும், விலையும் கூடும். நான்கு சிலிண்டரில் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு அதிர்வு என்ற கணக்கில் ஒரு சிறு நடுக்கம் மிஞ்சும். மூன்று சிலிண்டரில் இயந்திரத்தின் இரு முனைகளும் ஏற்றப்பலகைபோல் மாறி மாறி ஆடப் பார்க்கும். சிக்னல் விளக்கில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் தெரியும் அந்தத் தனி நடுக்கம் இதுதான். அதற்கு ஈடாக உதிரிப் பாகங்கள் குறைவு, உராய்வு குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு.

சட்டமும் இதில் கை வைக்கிறது. கஞ்சிலின் இயந்திரம் ஏன் சரியாக 659 சிசி? ஜப்பானில் சிறு மகிழுந்துகளுக்கு வரிச்சலுகை உண்டு. 1990 முதல் அந்தச் சலுகைக்கான எல்லை 660 சிசி. மிரா அந்த எல்லைக்குள் அடங்கப் பிறந்த வண்டி. அந்த இயந்திரமே இங்கும் வந்தது. தோக்கியோவில் போட்ட ஒரு கோடு, கெடா தோட்டத்து வாசலில் நின்ற வண்டியின் அளவைத் தீர்மானித்திருக்கிறது! நம் நாட்டிலும் சாலை வரி சிசி பார்த்துத்தான் போடப்படுகிறது. தீபகற்ப மலேசியாவில் தனியார் மகிழுந்து 1000 சிசிக்குள் இருந்தால் ஆண்டுக்கு 20 ரிங்கிட். 1201 முதல் 1400 சிசி வரை 70 ரிங்கிட். 2014இல் வந்த பெரோடுவா ஆக்சியாவின் மூன்று சிலிண்டர் இயந்திரம் 998 சிசியில் நிற்பதன் பலன் வாங்குபவருக்கு ஆண்டுதோறும் தெரியும்.

5. நம் கெடாவிலேயே காணலாம்

இவற்றையெல்லாம் காண வெளிநாடு போக வேண்டாம். குரூணில் மொடெனாஸ் தொழிற்சாலை இருக்கிறது. 1996இல் அங்கிருந்து வந்த கிரிஸ் மோட்டார் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். ஒற்றைச் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த நிலையில் கால்களுக்குக் கீழே கிடக்கும். 1958இல் ஹோண்டா சூப்பர் கப் காட்டிய வழி அது. இயந்திரம் கீழே போனதால் நடுவில் காலெடுத்து வைக்க இடம் கிடைத்தது. கைலி கட்டியவரும் ஏறலாம், பால் தோம்பையும் ஏற்றலாம். கப்சாய் நம் தோட்டங்களின் வண்டியானதற்கு இந்தத் தாழ்ந்த சிலிண்டரும் ஒரு காரணம்.

கூலிமில் உள்ள இனோகோம் தொழிற்சாலை இன்னும் நல்ல பாடம். அங்கே மஸ்டா சிஎக்ஸ்-5 வண்டியும் பொருத்தப்படுகிறது. பிஎம்டபிள்யூ வண்டிகளும் பொருத்தப்படுகின்றன. முன்னதில் இயந்திரம் குறுக்கே. பிஎம்டபிள்யூ 3 வரிசையில் நெடுக்கே, பின்சக்கர உந்துதலோடு. முன்பின் எடையை ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்து, ஓட்டும் சுகத்தைத் தருவது அந்நிறுவனத்தின் கொள்கை. வாங்குபவர் அதற்குப் பணம் தரத் தயாராக இருக்கிறார். ஆனால் அதே நிறுவனம், 2015இல் சிறிய எக்ஸ்1 வண்டியை இரண்டாம் தலைமுறைக்கு மாற்றியபோது இயந்திரத்தைக் குறுக்கே திருப்பிவிட்டது! சிறிய வண்டியை வாங்கும் குடும்பம் கேட்டது பின்னிருக்கையில் இடம். 'எது சிறந்த அமைப்பு' என்று கேட்டால் விடை கிடைக்காது. 'யாருக்கு, எந்தச் சாலையில், என்ன விலையில்' என்று கேட்டால்தான் கிடைக்கும்.

6. அந்த மழை இரவின் கணக்கு

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. இழுவிசையையும் கிலோவிலேயே சொல்கிறேன். பொறியியல் மாணவர்கள் பொறுத்தருள்க.

ஐந்து பேரோடு வண்டியின் எடை 1000 கிலோ என்போம். ஆள் இல்லாதபோது முன்சக்கர வண்டியில் முன்பாரம்தான் அதிகம். ஆனால் பின்னிருக்கையில் மூவர் ஏறியதும் முன்னும் பின்னும் ஏறக்குறைய 500, 500 ஆகிவிடும். ஐந்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம். அதில் வண்டியைக் கீழே இழுக்கும் விசை 1000இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 கிலோ. உந்தும் சக்கரங்கள் இந்த 200ஐத் தாண்டினால்தான் வண்டி ஏறும்.

சரிவில் நிற்கும்போது தரையை அழுத்தும் பாரம் சற்றுக் குறைந்து ஒவ்வொரு பக்கமும் 490 ஆகும். இதோடு, எடை கீழ்ப்பக்கச் சக்கரங்களுக்குச் சாயும். எடைமையம் அரை மீட்டர் உயரத்திலும், முன்பின் சக்கர இடைவெளி 2.4 மீட்டராகவும் இருந்தால், சாயும் எடை 200ஐ 0.5ஆல் பெருக்கி 2.4ஆல் வகுக்கக் கிடைப்பது. ஏறத்தாழ 42 கிலோ.

நேராக ஏறும்போது முன்சக்கரங்கள் மேல்பக்கம். அவற்றின்மேல் மிஞ்சுவது 448 கிலோ. ஈரச் செம்மண் அந்தப் பாரத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு பிடி கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 179. தேவையோ 200. சக்கரம் வழுக்கும்.

கோஸ்தானில் ஏறும்போது அதே முன்சக்கரங்கள் கீழ்ப்பக்கம் வந்துவிடுகின்றன. இப்போது அவற்றின்மேல் 532 கிலோ. பிடி 213. இருநூறைத் தாண்டிவிட்டது. வண்டி ஏறும்!

இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 34 கிலோ. என் பாட்டியின் எடையைவிடக் குறைவு. அந்த அளவு வித்தியாசத்தில்தான் அன்று பாட்டி மருத்துவமனை போய்ச் சேர்ந்தார்.

நிறைவாக

தோட்டத்தை விட்டு நாங்கள் இப்போது சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு தாமானுக்குக் குடிவந்துவிட்டோம். சென்ற ஆண்டு அப்பா வேன் ஓட்டுவதை நிறுத்தினார். கையிலிருந்த சேமிப்புக்கு ஒரு பழைய மகிழுந்து வாங்க வேண்டும். "பொறியியல் படிக்கிற புள்ள நீதாம்மா சொல்லணும்" என்றார். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் மேலே உள்ள கணக்கைப் போட்டுக் காட்டினேன். இம்முறை திக்கவில்லை, முன்கூட்டியே சொற்களைத் தேடி வைத்திருந்தேன்.

அப்பா தாளை வெகுநேரம் பார்த்தார். "அப்ப பாரம் கீழ்ப்பக்கம் சாயுது. உந்துற சக்கரம் அந்தப் பக்கம் இருக்கணும். வேனு நேராவே ஏறுனது அதனாலதான், இல்லையா?" என்றார். நான் வேனைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. முப்பது ஆண்டு ஸ்டீயரிங் பிடித்த கைகளுக்கு விடை எப்போதோ தெரிந்திருந்தது. நான் கொண்டுவந்தது சொற்களை மட்டுமே.

கடைசியில் மூன்று சிலிண்டர், 1000 சிசிக்குள், முன்சக்கர உந்துதல் வண்டி ஒன்றையே வாங்கினோம். எங்கள் சாலை இப்போது தார்ச்சாலை. பெரும்பாலும் ஓரிருவர்தான் பயணம். அம்மாவுக்கு மட்டும் ஒரு கவலை. "திருவிழாவுக்குத் தோட்டத்துக் கோயிலுக்குப் போவணுமே. மழை பேஞ்சா?"

"அதுக்குத்தான் கோஸ்தான் இருக்கே" என்றார் அப்பா.

அன்பு நண்பர்களே, நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு துறையில் படிக்கிறோம். இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, படித்தவற்றில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, தமிழில் பெற்றோருக்கு விளக்கிப் பாருங்கள். எங்கே திக்குகிறோமோ, அங்கேதான் நாம் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று தெரியவரும். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விக்கும் தயாராகப் போங்கள்!